முதல் தண்ணீரோடு வந்தவை

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரிடமும் வாயைக் கொடுக்க வேண்டியதில்லை. காலையில் குப்பை வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் நின்றால் போதும். அமாவாசைக்கு மறுநாள் வாழையிலை. வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் வாடின பூ. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் கோடி வீட்டிலும் மீன் செதில். தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பச்சை டப்பா சுத்த சைவமாகிவிடும். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த காலையில் அது நாற்பது நாள் பட்டினிக்கும் சேர்த்துப் பழிவாங்கும். சித்திரையிலும் வைகாசியிலும் மாங்கொட்டையும் பலாச்சக்கையும் ஏறி, பேட்டரி வண்டி நகர மாட்டேன் என்று முனகும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்திருக்கிற வீட்டில் அட்டைப்பெட்டியும் சாக்லேட் காகிதமும் கிடக்கும். எந்த வீட்டில் சண்டை என்பதுகூட ஓட்டல் பொட்டலங்களை வைத்துத் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைதான். மீதியில்தான் மனிதர்கள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த மீதியைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம் என் அப்பா. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும்தான், அவருடைய குரலுக்கு இல்லை. எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் பதவியை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது, அவரே எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி, கணவர் வளைகுடாவில் வேலைக்குப் போய்விட்டதால், நான் பிறந்த வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டேன். ஆகவே செயலாளரின் ஆட்சியை மிக அருகில் இருந்து அனுபவிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

தெருமுனையில் இருந்த பெரிய குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டு, இனிமேல் வண்டி வீட்டு வாசலுக்கே வரும், மக்கும் குப்பை பச்சை டப்பாவில், மக்காத குப்பை நீல டப்பாவில் என்று மாநகராட்சியிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், அப்பா போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலி மனையில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, தெருவையே கூட்டிவிட்டார்.

கூட்டம் நன்றாகவே போனது. பிள்ளையார் படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது, அதை எந்த டப்பாவில் போடுவது என்று ஒரு அம்மா கேட்டார். “சாமியை டப்பாவுல போடாதீங்கம்மா, அரசமரத்தடியில கொண்டுபோய் வச்சிருங்க” என்றார் அப்பா. பெண்கள் வரிசையிலிருந்து என் அம்மா எழுந்து, “அப்ப மந்திரிச்ச குருத்தோலையை எந்த டப்பாவுல போடுறது?” என்றாள். “அது மாதா கோயிலுக்குத் திரும்பப் போவணும், சாம்பல் புதனுக்கு எரிப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?” என்று அப்பா மைக்கிலேயே அதட்டினார். அம்மாவுக்குத் தெரியும். அவருடைய பேச்சு நீளும்போதெல்லாம் நடுவில் ஒரு கல்லைப் போடுவது அவள் வழக்கம்.

அப்புறம்தான் அப்பா மூன்றாவது வகைக்கு வந்தார். “நாப்கின், டயபர். இது ரெண்டு டப்பாவுலயும் வரக்கூடாது. பேப்பர்ல சுத்தி, செவப்பு ஸ்கெட்சால ஒரு பெருக்கல் குறி போட்டு, வண்டியில வர்ற அம்மா கையில நேரா குடுங்க. நீங்க கலந்து போட்டா அவங்க கையாலதான் பிரிக்கணும்.” பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “இதுல என்ன வெக்கம்? ஒடம்புன்னு இருந்தா கழிவுன்னு இருக்கும்” என்றார் அப்பா. அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ பெருமையாக இருந்தது. ஓர் ஆண்பிள்ளை அந்த வார்த்தையை மைக்கில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

கூட்ட முடிவில் வீட்டுக்கு ஒரு கட்டுப் பை கொடுத்தார். நீல டப்பா நிரம்பினால் மேற்கொண்டு போட்டுவைப்பதற்காம். எல்லாம் என் கல்யாணத் தாம்பூலப் பைகள். மறைமாவட்டமே திரண்டு வரப்போகிறது என்ற நினைப்பில் அப்பா அச்சடித்து, பாதிக்குப் பாதி மிஞ்சி, பரணில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தவை. ரோஜா நிறம். பார்த்தால் துணி மாதிரி இருக்கும், உண்மையில் பிளாஸ்டிக். ஒரு பக்கம் இரண்டு புறா, அதன் கீழே என் பெயரும் என் கணவர் பெயரும், அதற்கும் கீழே எங்கள் வீட்டு முகவரி. அன்று முதல் தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் எங்கள் இரண்டு பேர் பெயரும் குப்பையைச் சுமந்துகொண்டு தொங்கின. நான் போனில் கணவரிடம், “நம்ம கல்யாணம் ஊருக்கு நல்லா உபயோகப்படுது” என்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

இது நடந்து சில வருடங்கள் கழித்து, ஒரு தை மாதம், அப்பாவுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சிறுநீர் அவருடைய பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. இருமினால் போகும், எழுந்தால் போகும், சும்மா இருந்தாலும் போகும். “கொஞ்ச நாள் இப்படித்தான் சார் இருக்கும். சிலருக்குச் சீக்கிரம் நிக்கும், சிலருக்கு நாளாகும்” என்றார் டாக்டர். அதுவரைக்கும் டயபர் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்பா அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “தெருவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் அப்புறம் வெளியில தலைகாட்ட மாட்டேன். பூசைக்கும் வரமாட்டேன். சொல்லிட்டேன்.” அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. ஒருமுறை அலுவலகத்தில் மேலதிகாரியோடு ஏதோ வாக்குவாதம் வந்து, ஓய்வு பெறும்வரை அந்த மனிதர் இருக்கும் அறைக்குள் காலெடுத்து வைக்காதவர். தெருவுக்குத் தெரிந்தால் அப்பாவை நாங்கள் வீட்டுக்குள்ளேயே புதைத்த மாதிரிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெருவுக்கு முதுகுவலி என்று சொன்னோம். டிஸ்க் விலகிவிட்டதாம். சொன்னதுதான் தாமதம், தைலமாக வந்து குவிந்தது. ஒருவர் நொச்சி இலை கொண்டுவந்தார், ஒருவர் ஒரத்தநாட்டுப் பக்கம் எலும்பு பார்க்கிற வைத்தியர் ஒருவர் இருப்பதாக வழி சொன்னார். எதிர்வீட்டுக்காரர் இடுப்புக்குப் பெல்ட் வாங்கிவந்தார். அவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். அப்பா அவரை “மேனேஜர்” என்றுதான் கூப்பிடுவார், அவர் அப்பாவை “சார்” என்பார். இரண்டு பேரும் தினம் விடியற்காலையில் சேர்ந்து நடக்கப் போவார்கள், போகும்போது ஒரு சண்டை, வரும்போது ஒரு சண்டை. அன்று அவர் பெல்ட்டோடு உள்ளே வந்தபோது அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வேட்டியில் தெரிந்துவிடும் என்று பயம். மரியாதைக்குக்கூட எழவில்லையே என்று மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. பெல்ட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவேயில்லை.

இப்போது குப்பைக்கு வருகிறேன். டயபரை அவர் சொன்னபடியே பேப்பரில் சுற்றி, சிவப்புக் குறி போட்டு, வாசலில் வண்டிக்கார அம்மாவிடம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை. பொட்டலத்தின் பருமனைப் பார்த்தால் அது பெண்கள் சமாசாரம் இல்லை என்பதும் தெரிந்துவிடும். மற்றக் குப்பையோடு கலந்து போடவும் வழியில்லை. வண்டிக்கார அம்மா வாசலிலேயே கிளறிப் பார்ப்பார். அவருக்கும் அப்பா மாதிரிக் குரல். “இது யாரு கலந்து போட்டது?” என்று அவர் ஒரு வீட்டு வாசலில் கேட்டால் மூன்றாவது தெருவில் பதில் வரும். அப்பா தன் கையால் கட்டின வேலிக்குள் இப்போது அவரே மாட்டிக்கொண்டார்.

அப்படியானால் அது எங்கே போகிறது என்று அப்பா கேட்கவில்லை. ஊரில் எந்தக் குப்பை எங்கே போகிறது என்று துருவித் துருவிக் கேட்கிற மனிதர், இதை மட்டும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “கோயிலுக்குப் போற வழியில பெரிய தொட்டி ஒண்ணு இன்னும் எடுக்காம இருக்குடி. நான் பாத்துக்குறேன், நீ சும்மா இரு” என்றாள் அம்மா. தினமும் காலைப் பூசைக்கு இருட்டோடு கிளம்பிப் போகிறவள் அவள். ஒரு கையில் செபப்புத்தகம், மறு கையில் டயபரைப் போட்டு முடிந்த பை. நான் நம்பிவிட்டேன். நம்பாமல் இருந்திருந்தாலும் வேறு வழி எனக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கோடை முழுக்க அப்பா கூடத்து நாற்காலியிலேயே கிடந்தார். நாற்காலியில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் துண்டு. வெள்ளை வேட்டியை விட்டுவிட்டுக் கைலிக்கு மாறினார். ஒரு நாளைக்கு எத்தனை முறை குளித்தார் என்று கணக்கில்லை. தன்னிடம் நாற்றம் வருகிறதா என்று நேராகக் கேட்காமல், “வீட்ல ஏதோ வாடை வருதே, எலி செத்துக் கெடக்கா?” என்பார். “இல்லப்பா” என்று நானும் எலிக்குப் பதில் சொல்வேன். குருத்து ஞாயிறு பவனி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. அவர் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு டிவியில் வேறெங்கோ நடந்த பவனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய குரலை இவ்வளவு சின்ன விஷயம் அமுக்கிவிட்டதே என்று. சின்ன விஷயம் என்று நான் நினைத்தேன், ஈரமானது என் துணி இல்லையே.

ஆனி பிறக்கும் முன்னால் மேட்டூரில் அணை திறந்தார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து புதாறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயிலும் விட்டார்கள். எங்கள் நகரின் ஓரமாகப் போகும் வாய்க்கால் புதாற்றிலிருந்து பிரிந்து வருவது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறார். நிலம் இல்லாவிட்டாலும் முதல் தண்ணீரைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது திருவிழா. வேதக்காரர், இந்து என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. அப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு கை நெல்லைத் தண்ணீரில் விடுவார், பக்கத்தில் ஒரு அம்மா சூடம் கொளுத்துவார்.

“நான் போறேன்” என்றார். அம்மா முகத்தில் ஏனோ சந்தோஷம் வரவில்லை. வெயிலாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம், தண்ணீர் எங்கேயும் ஓடிப்போகாது என்று என்னென்னவோ சொன்னாள். அப்பா கேட்கவில்லை. டயபரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, மேலே தளர்வான பேண்ட் மாட்டிக்கொண்டு, நெல்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். மாதங்கள் கழித்து அவர் தெருவில் நடந்தார். கூடவே நானும் போனேன்.

வாய்க்கால் பாலத்தில் பாதித் தெரு நின்றது. “வாங்க சார், முதுகு தேவலையா?” என்று எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மேனேஜரும் ஒரு ஓரமாக நின்றார், இவரைப் பார்த்ததும் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் தண்ணீர் என்றதும் தெளிந்த நீர் துள்ளிக்கொண்டு வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வருவது அதில்லை. கோடை முழுக்க வறண்டு கிடந்த வாய்க்காலில் ஊர் எதையெல்லாம் போட்டதோ அதையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் பின்னால் வரும். முதலில் சரசரவென்று ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர் பாட்டில், தேங்காய் மட்டை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, குவார்ட்டர் பாட்டில், கை இல்லாத பொம்மை. எல்லாம் நுரையோடு உருண்டு வந்தன. சூடத்தட்டோடு நின்ற அம்மா அதையும் கும்பிட்டார். அப்பாவுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. “பாத்தீங்களா? பிரிச்சுக் குடுங்க, பிரிச்சுக் குடுங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான். இதெல்லாம் போய் அடைக்கிறது எங்க? கடைமடையில எங்க வயல் மடையில!” என்றார். சிலர் தலையாட்டினார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போது ரோஜா நிறத்தில் ஒன்று வந்தது.

பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல். முடிச்சுப் போட்ட தாம்பூலப் பைகள். பாலத்தூணில் முட்டி, தண்ணீரில் சுற்றி, அங்கேயே கூட்டமாக நின்றன. ஒரு பையில் என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. “சார், ஒங்க வீட்டுக் கல்யாணப் பையி!” என்று யாரோ சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்புதான். கோடி வீட்டுக்காரர் நீளமான கம்பு ஒன்றை எடுத்து, பையைக் கரைக்கு ஒதுக்கப் பார்த்தார். பை கிழிந்தது. உள்ளே இருந்தது தண்ணீரைக் குடித்துத் தலையணை மாதிரி உப்பி வெளியே வந்தது. குழந்தைக்குப் போடுவது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

“பெரியவங்களுதுல்ல இது?” என்று ஒரு பெண் குரல். “யாரு வீட்டுது?” என்று இன்னொன்று. யாரும் அப்பாவை நேராகப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கு நேராகவே பார்த்துத் தொலைத்திருக்கலாம். அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கையில் நெல் பொட்டலம் கசங்கியது.

“எங்க வீட்டுது” என்றார் மேனேஜர்.

எல்லோரும் திரும்பினோம். “இந்தப் பை எங்க வீட்லயும் ஒரு கட்டு கெடக்கு. அது எங்க வீட்டுதுதான்” என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பாலத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா நெல்லைத் தண்ணீரில் விடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், “வாய்க்கால்லயா போட்டே?” என்றார் அம்மாவிடம்.

அம்மா முதலில் சமாளித்துப் பார்த்தாள். “அந்தப் பை ஊரு பூரா இருக்கு. நம்ம வீட்டுதுன்னு யாரு கண்டா?” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. அப்புறம் அவளே உடைந்துவிட்டாள். கோயில் பக்கத்தில் தொட்டி எதுவும் இல்லை. பூசைக்குப் போகிற வழியில் மேல்பாலத்தில் நின்று, வறண்ட வாய்க்காலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். “தண்ணி வந்தா எல்லாம் போயிடும்னு நெனச்சேங்க.”

“எங்க போவும்? மேல்பாலத்துல போட்டா கீழ்ப்பாலத்துக்குத்தானே வரும்! நாம இருக்கறது கீழ! நமக்குக் கீழ கடைமடை இருக்கு, அங்க எல்லாம் மனுஷன் இல்லியா?”

அப்பா இன்னும் பேசியிருப்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“மைக் வச்சு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினீங்களே. ஒங்களுதை எந்த டப்பாவுல போடணும்னு எங்கிட்டச் சொன்னீங்களா? தெருவுக்குத் தெரியக்கூடாதுன்னு மட்டும் சொன்னீங்க. இத்தனை மாசமா அது எங்க போவுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வேறு யாரிடமோ கேட்பதுபோல், “மேனேஜர் எதுக்கு அப்படிச் சொன்னாரு?” என்றார்.

“வேற எதுக்கு? ஒங்க மானத்தைக் காப்பாத்தத்தான். ஒருநாள் எந்திரிச்சு வாங்கன்னு சொல்லாத மனுஷனுக்காக, அவரு பேரைக் கெடுத்துக்கிட்டாரு.”

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. இனி இந்த மனிதர் நாற்காலியை விட்டு எழப்போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு நான் மாடிக்குப் போனேன்.

காலையில் கீழே இறங்கினால் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். கூடத்துத் தரையில் பேப்பரை விரித்து, தானே சுற்றிக்கொண்டிருந்தார். “செவப்பு ஸ்கெட்ச் எங்கம்மா?” என்றார் என்னிடம். எடுத்துக்கொடுத்தேன். பொட்டலத்தின் இரண்டு பக்கமும் பெருக்கல் குறியைப் பெரிதாகப் போட்டார்.

“வேணாங்க, நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்” என்றாள் அம்மா.

“என் குப்பைக்கு அவரு எதுக்குப் பேரு வாங்கணும்?” என்றார் அப்பா. எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கம் அவரை விட்டுப் போய்விடவில்லை. அடுத்தவர் தலையில் தன்னுடையதைக் கட்டுவது அவருக்கு அந்த வெட்கத்தைவிடப் பெரிய வெட்கம், அவ்வளவுதான்.

குப்பை வண்டியின் விசில் சத்தம் கேட்டது. அப்பா கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். பொட்டலத்தை இரண்டு கையாலும் முன்னால் ஏந்திக்கொண்டிருந்தார், பூசையில் காணிக்கை கொண்டுபோகிறவர்கள் மாதிரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் டப்பாவும் கையுமாக நின்றார்கள். அப்பா எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“இது என்னோடது. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுக்கு நிக்கிறதில்ல. நேத்து வாய்க்கால்ல வந்ததும் எங்க வீட்டுதுதான். மேனேஜர் வீட்டுது இல்ல.”

ஒரு டப்பா மூடி எங்கோ கீழே விழுந்தது. வண்டிக்கார அம்மா கையுறை போட்ட கையால் பொட்டலத்தை வாங்கி, குறியைப் பார்த்து, வண்டியின் பக்கவாட்டில் தொங்கின தனி வாளியில் போட்டார். “நேத்து பாலத்தடியில நாங்கதான் சார் எறங்கி அள்ளினோம். இப்படியே குடுத்திருந்தா எங்களுக்கு அந்த வேலை மிச்சம்” என்றார். அடுத்த மூச்சில், “பச்சை டப்பாவுல தேங்கா மட்டையைப் போடாதீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தலைகுனிய வைக்கும் என்று நாங்கள் இத்தனை மாதம் பயந்த காரியம், அவருக்குத் தேங்காய் மட்டையைவிடச் சின்னதாக இருந்தது.

அப்பா உள்ளே வராமல் அங்கேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடலாமா என்று யோசிக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார். அவர் கையிலும் பேப்பர் சுற்றின ஒரு பொட்டலம் இருந்தது. குறி இல்லை.

அவர் தெருவைத் தாண்டி வருவதற்குள் அப்பா, “மேனேஜர், ஒங்களுக்குப் பெரிய மனசு. ஆனா எனக்காக நீங்க பழி ஏத்துக்க வேணாம்” என்றார்.

“யாரு சார் ஒங்களுக்காக ஏத்துக்கிட்டா?” என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நேத்து வந்ததுல பாதி எங்க வீட்டுது. எம் பொண்டாட்டியும் அதே பாலத்துலதான் போட்டுருக்கா. சுகர் சார். ஒங்களுக்கு முன்னாடியிலேருந்தே எனக்கு இந்தக் கதைதான். ஒங்க வீட்டுக்கு வர்றதை விட்டது, அது அதிகமானதாலதான். நீங்க எந்திரிக்கலைன்னு இல்ல.”

அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்கெட்சை எடுத்து நீட்டினார். மேனேஜர் பொட்டலத்தை எங்கள் கேட் தூணின்மேல் வைத்து, கோணல்மாணலாக ஒரு குறி போட்டார். போட்டுவிட்டு, ஸ்கெட்சைத் திருப்பிக் கொடுக்காமல், கொஞ்சம் தயங்கி, “சார், ஒங்களுது எந்தக் கம்பெனி? என்னுது ராத்திரியில ஒழுகுது” என்றார்.

அப்பா திரும்பினார். பெண்கள் இன்னும் டப்பாவோடு நின்றார்கள், வண்டி மூன்று வீடு தள்ளி நின்றது. கூட்டத்தில் மைக் முன்னால் நின்று பேசின அதே குரலில் வீட்டுக்குள் பார்த்து, “ஏ, அந்த டயபர் பாக்கெட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வா, மேனேஜர் பாக்கணுமாம்” என்று கூப்பிட்டார்.

அம்மா அதை எந்தப் பையிலும் போடாமல், கையில் அப்படியே எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.